ஓய்வுபெற்ற பிறகு ஒரு வாரம் வெளியூர் போக நாள் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வேலையில் இருந்தவரை லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தோம். சாங்ஷன் ஆனது, பதில் ஆள் வந்தார், சார்ஜ் கொடுத்துவிட்டு ரயில் ஏறினோம். ஓய்வுபெற்ற பிறகு இதில் ஒன்றும் இல்லை. "சும்மாதானே இருக்கீங்க" என்று ஆளுக்கொரு வேலையைக் கொண்டுவந்து தருகிறார்கள். பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றுவது, குடியிருப்போர் சங்கக் கணக்கு, அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, கோயில் திருப்பணிக் குழு. எதையும் மறுக்கக் காரணம் கிடைக்காது. அப்படியே வருஷங்கள் ஓடிவிடும்.

நான் வங்கியில் 32 வருஷம் வேலை பார்த்தவன். திருச்சியில் இருக்கிறோம். ஓய்வுபெற்று முதல் 4 வருஷம் நானும் மனைவியும் எங்கும் போகவில்லை. ஐந்தாவது வருஷம் வங்கியில் செய்ததையே வீட்டிலும் செய்து பார்த்தேன். அதன்பிறகு வருஷத்துக்கு இரண்டு பயணமாவது நடக்கிறது. காலையில் என்னோடு நடக்க வருகிறவர்களில் ஏழெட்டு தம்பதிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் எங்கே இடறினார்கள் என்பதையும் கூடவே இருந்து பார்த்தேன். பெரும்பாலும் வரிசைதான் பிசகுகிறது. எல்லாரும் "எங்கே போகலாம்?" என்று ஆரம்பிக்கிறார்கள். "எப்போது?" என்று ஆரம்பிக்க வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தமிழ் மாதமும் முகூர்த்த நாட்களும் போட்ட மாதக் காலண்டர் ஒன்று. ஒரு நாற்பது பக்க நோட்டு. சிவப்பிலும் பச்சையிலும் ஒவ்வொரு பேனா. இருவருடைய ஆதார், மருந்துச் சீட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை. ரயில் டிக்கெட் எடுக்கும் கணக்கில் உங்கள் ஆதார் இணைந்திருக்க வேண்டும். தட்கல் எடுக்க இப்போது அது கட்டாயம், டிக்கெட் எடுக்கும் காலையில் போய் அதை இணைக்க முடியாது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, புறப்படும் நாளுக்கு நான்கு மாதம் முன்பே ஆரம்பிப்பது. உங்கள் வேலையை ஏற்றுக்கொள்ளப் போகிறவர்களும் அவரவர் இடத்தில் லீவு சொல்ல வேண்டும். அவர்களுக்கு இரண்டு மாதமாவது கிடைக்க வேண்டும்.

2. இருவரும் தனித்தனியாக வேலைப் பட்டியல் எழுதுங்கள்

கணவரும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டாம். தனித்தனியே, ஒரு வாரம் முழுக்க, செய்யச் செய்ய எழுதுங்கள். சேர்ந்து எழுதினால் பேசுகிறவரின் வேலை மட்டுமே தாளில் ஏறும்.

எங்கள் வீட்டில் என் பட்டியலில் 14 வரி இருந்தது. மனைவியின் பட்டியலில் 41 வரி. காலை 5.40க்கு பால் பாக்கெட் எடுப்பது, மாவு அரைக்கும் நாள், பேத்தியின் டிபன் பாக்ஸில் என்ன வைத்தால் திரும்பி வராது, என் அம்மாவுக்கு இரவு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது. அம்மாவின் மாத்திரையைப் பொடிக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்தத் தாளைப் பார்த்தபோது மனசு கனத்தது. நான் ஓய்வுபெற்றேன், அவள் பெறவில்லை. ஒரு வாரம் யாருக்கு அதிகம் தேவை என்று அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

பட்டியலை எழுதியதும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: ஒரு வாரம் நின்றால் நிற்கட்டும், வேறு ஒருவர் செய்யலாம், நாங்களே செய்தாக வேண்டும். எழுதுவதற்கு முன் எல்லாமே மூன்றாவது வகை போலத்தான் தோன்றும். குறித்து முடிக்கும்போது அதில் இரண்டு, மூன்று வரிதான் மிஞ்சும்.

3. நகராத நாட்களைச் சிவப்பில் அடியுங்கள்

ஆறு மாதக் காலண்டரைத் தரையில் விரித்து, தள்ளிப்போட முடியாதவற்றை மட்டும் சிவப்பில் அடியுங்கள்.

ஓய்வூதியக் காரியங்கள் முதலில். மத்திய அரசு, வங்கி ஓய்வூதியருக்கு நவம்பரில் ஆயுள் சான்று. 80 வயது கடந்த மத்திய அரசு ஓய்வூதியர் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத்தில் மட்டும், ஒருமுறை கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். மாநில அரசு ஓய்வூதியருக்கு நேர்காணல் மாதம் வேறு, உங்களுக்கு எது என்று கருவூலத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2014 முதல் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் முறை வழியாக இருக்கும் ஊரிலிருந்தே ஆயுள் சான்று கொடுக்க முடிகிறது. ஆனாலும் அந்த மாதத்தில் முதல் பயணத்தை வைக்காதீர்கள். கைரேகை பதியாமல் போனால் ஊர் சுற்றுகிற மனநிலையே போய்விடும்.

ஏப்ரலில் வட்டிக்கு வரி பிடிக்காமலிருக்க வங்கியில் கொடுக்கும் படிவம், ஜூலையில் வருமான வரிக் கணக்கு, அரையாண்டு சொத்து வரி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம் ஆகியவற்றை அடிக்க வேண்டாம். இவற்றை முன்கூட்டியே முடிக்கலாம். ஓய்வூதியக் காரியம் போக, சிவப்பில் அடிப்பது மிக நெருங்கிய சொந்தத்தின் கல்யாணம், திதி, முன்பே வாங்கிய மருத்துவர் தேதி, பேரப்பிள்ளைகளின் தேர்வு வாரம் ஆகியவற்றை மட்டும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, வரக்கூடும் என்று நினைப்பதையெல்லாம் அடிப்பது. நண்பர் ஒருவர் "பொண்ணு பார்க்க வரலாம்" என்று ஒரு மாதத்தையே சிவப்பாக்கினார். பத்திரிகை கைக்கு வந்தால்தான் கல்யாணம். அதுவரை அந்த நாள் உங்களுடையது.

4. இடைவெளியில் தேதியைப் பச்சையில் குறியுங்கள்

தமிழ்நாட்டில் ஓய்வுபெற்றவர்களின் நாட்களை அதிகம் தின்பது கல்யாணங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. அதனால் இந்த மாதங்களை முதலில் பாருங்கள்.

மார்கழியில் விடியற்கால பூஜை, வைகுண்ட ஏகாதசி, அரையாண்டு விடுமுறைக் கூட்டம். புரட்டாசியில் மகாளய பட்சம், நவராத்திரி. கொலு வைக்கிற வீட்டில் அந்தப் பத்து நாள் அசைய முடியாது. எங்களுக்குக் கை கொடுத்தது ஆடி. ஜூலை 17 வாக்கில் பிறக்கிறது. பள்ளி திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும், பேரப்பிள்ளைகள் ஒரு வழிக்கு வந்திருப்பார்கள். மலை ஊர்களில் ஏப்ரல், மே கூட்டம் வடிந்து அறை வாடகையும் இறங்கியிருக்கும். ஆடி அமாவாசையையும் பதினெட்டையும் மட்டும் பார்த்து விலகிக்கொண்டால் போதும். எங்களுக்குப் பதினெட்டாம் பெருக்கன்று காவிரிக்கரையில் அம்மா மண்டபத்தில் இருந்தாக வேண்டும், அதனால் அதற்கு முன்பே திரும்பிவிடுவோம்.

ஞாயிறு மாலை புறப்பட்டு சனிக்கிழமை திரும்புவதாகக் குறியுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கிடைக்காது, நமக்குக் கிடைக்கிறது. கோயிலிலும் அருவியிலும் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கால் பங்குகூட இருக்காது. முட்டிவலிக்காரர்களுக்கு அதுவே பெரிய வசதி.

முதல் பயணத்துக்கு ஆறு இரவு வேண்டும். இரண்டு இரவு என்றால் போன களைப்பு தீர்வதற்குள் திரும்ப வேண்டும். பத்து இரவு என்றால் வீட்டை ஒப்படைப்பது கடினம். திரும்பி வந்த மறுநாளையும் சேர்த்தே பச்சையில் அடியுங்கள், அன்று ஒரு வேலையும் வைக்காதீர்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் திரும்பும்படி வைத்துக்கொண்டவர்கள், பயணத்தின் கடைசி இரண்டு நாளும் கல்யாணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

5. தேதியைச் சொல்லிவிடுங்கள், அனுமதி கேட்காதீர்கள்

இந்த வழிகாட்டியிலேயே கடினமான படி இது. நான்கு பேர் இங்கேயே நின்றுவிட்டார்கள்.

"ஒரு நாள் எங்கேயாவது போகலாம்னு இருக்கோம், உனக்கு எப்போ சௌகரியம்?" என்று மகளிடம் கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது. அவளுக்கு எந்த வாரமும் சௌகரியமான வாரம் இல்லை, அது அவள் தப்பும் இல்லை. கேள்வியை மாற்றுங்கள். நான் சொன்னது இது: "ஜூலை 20லேர்ந்து 26 வரைக்கும் நானும் அம்மாவும் ஊர்ல இல்லம்மா. பாப்பாவை சாயங்காலம் பார்த்துக்க ஏற்பாடு பண்ணணும். இன்னும் மூணு மாசம் இருக்கு, என்ன பண்ணலாம்னு சேர்ந்து யோசிக்கலாம்."

முதலில் முகம் சுருங்கியது. "அப்பா, அந்த வாரம் எனக்கு ஆடிட்" என்றாள். நான் தேதியை மாற்றவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே வந்து சம்பந்தி வீட்டில் கேட்டிருப்பதாகச் சொன்னாள். சம்பந்தி அம்மாவுக்குப் பேத்தியோடு ஒரு வாரம் தனியாகக் கிடைத்ததில் கொள்ளை சந்தோஷம். எங்கள் தயக்கத்தால் அவர்களுக்கு அத்தனை வருஷம் அது கிடைக்காமல் போயிருக்கிறது.

சம்பந்தி வெளியூரில் இருந்தால் மகனோ மருமகளோ இரண்டு இரண்டு நாளாக லீவு எடுக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாட்டியோடு முறை வைத்துக்கொள்ளலாம், மாலை நேரக் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு மாதத்துக்குச் சேர்க்கலாம். எதுவானாலும் தேதி தெரிந்தால்தான் ஏற்பாடு பிறக்கும்.

வயதான அம்மா அப்பா வீட்டில் இருந்தால் முதலில் உடன்பிறந்தவர்களிடம் பேசுங்கள். "நீ வந்து பார்த்துக்கோ" என்பதை விட, "20 முதல் 26 வரை அம்மா உன் வீட்டில் இருக்கட்டுமா, இல்லை நீ இங்கே வந்து இருக்கிறாயா?" என்று கேட்டால் பதில் கிடைக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எல்லாருக்கும் சுலபம். வீட்டுக்கு நர்ஸ் வைப்பதாக இருந்தால், நீங்கள் போவதற்கு இரண்டு நாள் முன்பே அவர் வேலைக்கு வர வேண்டும். புது முகத்திடம் முதியவர்கள் மாத்திரை வாங்கிக்கொள்ளவே இரண்டு நாள் ஆகும்.

6. இடத்தை இப்போது தேர்ந்தெடுங்கள்

தேதி தெரிந்துவிட்டதால் பாதி இடங்கள் தாமாகவே விலகிவிடும். ஜூலையில் குடகு, மூணாறு பக்கம் கனமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கடற்கரை ஊர்களில் வடகிழக்குப் பருவமழை, புயல் அபாயம். டிசம்பர், ஜனவரியில் காசிப் பக்கம் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஹம்பிக்கு மழை ஓய்ந்து வெயில் ஏறாத டிசம்பர், ஜனவரி நல்லது. ஆடி மாதத்தில் எங்களுக்குப் பொருந்தியது குற்றாலம்.

முதல் பயணத்துக்கு ஒரே ஊர், ஒரே அறை. ஆறு நாளில் ஒன்பது கோயில் என்று போட்டால் தினமும் பெட்டி கட்டி அவிழ்க்க வேண்டும், அந்த வேலை யார் தலையில் விழும் என்பது உங்களுக்கே தெரியும். சொந்தக்காரர் வீடு வேண்டாம். சமையலறை உள்ள அறையும் வேண்டாம் என்பது என் கருத்து. நண்பரின் மனைவி குக்கரும் அரிசியும் எடுத்துப் போனார், அங்கேயும் ஆறு நாள் சமைத்தார். கொஞ்சம் மிளகும் பருப்புப்பொடியும் கையில் இருந்தால் போதும், பத்தியம் உள்ளவர்களுக்கு இட்லியும் தயிர்சாதமும் எந்த ஊரிலும் கிடைக்கும்.

அறை பேசும்போது போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: தரைத்தளமா அல்லது லிஃப்ட் உண்டா? மேல்நாட்டுக் கழிப்பறையா? 24 மணி நேரமும் வெந்நீர் வருமா? படத்தில் இது எதுவும் தெரியாது. ஊட்டி, கொடைக்கானலுக்குக் காரில் போவதானால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.

7. டிக்கெட்: 60வது நாள் காலை 8 மணி

முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். ஜூலை 20 பயணத்துக்கு மே 21 காலை 8 மணிக்குத் திறக்கும். அந்த நாளையும் காலண்டரில் குறியுங்கள். திரும்பும் டிக்கெட்டுக்கு வேறு நாள், அதை மறந்துவிட்டுப் போகும் டிக்கெட்டோடு நின்றவர்கள் உண்டு.

கீழ் பெர்த் ஒதுக்கீடு 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது கிடைக்கும். இரண்டு தம்பதிகள் சேர்ந்து போகும்போது நான்கு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு போய்விடும். தம்பதி தம்பதியாகத் தனி டிக்கெட் எடுங்கள். கட்டணச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள், மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

திருச்சியிலிருந்து தென்காசிக்குப் பொதிகை வேகமாகத்தான் போகும், ஆனால் நள்ளிரவு தாண்டி வந்து ஏற வேண்டும். மயிலாடுதுறை - செங்கோட்டை ரயில் பகலில் ஓடுகிறது. நம் வயதில் பகல் ரயில்தான் நல்லது. ஜன்னலோரம் உட்கார்ந்து போவதும் விடுமுறைதானே. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்.

டிக்கெட் எடுத்ததும் அதை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இதில் ஒரு பயன் உண்டு. புதிதாக யார் என்ன வேலை கொண்டுவந்தாலும் "டிக்கெட் எடுத்தாச்சு" என்று சொல்லலாம். நம் ஊரில் "முடியாது" என்பதை ஏற்காதவர்களும் "டிக்கெட் எடுத்தாச்சு" என்பதை ஏற்கிறார்கள்.

8. உடம்பை ஒரு மாதம் முன்பே காட்டுங்கள்

புறப்படும் வாரத்தில் டாக்டரிடம் போவது பெரிய தவறு. சர்க்கரை ஏறியிருந்தால் மருந்தை மாற்றுவார், மாற்றிய மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க இரண்டு வாரமாவது வேண்டும். பல் வலியையும் அதற்குள் முடித்துவிடுங்கள்.

மாத்திரையைப் பயண நாட்களோடு ஐந்து நாள் சேர்த்து எண்ணி, பாதியைக் கணவர் பையிலும் பாதியை மனைவி பையிலும் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் சமாளிக்கலாம். இன்சுலின் போடுகிறவர்கள் அறையின் ஃப்ரிட்ஜில் உறையும் பகுதியில் அதை வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது.

9. சார்ஜ் ஒப்படைப்பு

முக்கியப் பொறுப்பில் உள்ள வங்கி ஊழியர் வருஷத்துக்கு ஒருமுறை, தொடர்ந்து பத்து வேலை நாளுக்குக் குறையாமல், கட்டாய விடுப்பில் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள். முறைகேடு இருந்தால் வெளியே வரட்டும் என்பதற்காக வைத்தது அது. கூடவே இன்னொன்றும் தெரியவரும்: ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்த வேலைகள் எவை என்று. வீட்டிலும் அதுவேதான் நடக்கிறது.

அதனால் எழுதிக் கொடுங்கள். நான்கு கட்டம் போதும்: என்ன வேலை, எத்தனை மணிக்கு, யார், தவறினால் என்ன செய்வது. நான்காவது கட்டத்தைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். "மோட்டார், காலை 6.30, எதிர் வீட்டுத் தம்பி" என்று மட்டும் எழுதினால், கரண்ட் இல்லாத நாளில் உங்களுக்குப் போன் வரும். "கரண்ட் இல்லாவிட்டால் 9 மணிக்குப் போடவும், அதுவரை டேங்கில் தண்ணீர் இருக்கும்" என்று எழுதினால் வராது.

சங்கம், கோயில் குழு போன்றவற்றில் பணப்பொறுப்பு இருந்தால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும். அந்த வாரத்தில் வரும் செலவுகளுக்குப் பெயரும் தொகையும் தேதியும் எழுதிய காசோலைகளை முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். ஏடிஎம் ரகசிய எண்ணும் அப்படித்தான், பக்கத்து வீட்டுக்கும் வேண்டாம், வேலை செய்கிற அம்மாவுக்கும் வேண்டாம்.

வங்கியில் பணம் வைக்கும் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு ஊழியர் கையில் இருக்கும். வீட்டுச் சாவியையும் ஒன்று எதிர் வீட்டிலும் இன்னொன்று அதே ஊரில் உள்ள உறவினரிடமும் கொடுங்கள். வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் உள்ளூர் காவல் நிலையத்தில் தேதியோடு எழுதிக் கொடுங்கள். பால், பேப்பரை நிறுத்துங்கள். வாசலில் குவிந்த பேப்பர் வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்லிவிடும்.

10. இரண்டு நாள் ஒத்திகை

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் இரண்டு நாள், ஏற்றுக்கொண்டவர்களே அந்த வேலையைச் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், கை வைக்காதீர்கள்.

எங்கள் ஒத்திகையில் ஒன்று வெளிப்பட்டது. தங்கை அம்மாவுக்கு மாத்திரையை முழுதாகக் கொடுத்தாள், அம்மா விழுங்குவது போல் காட்டி முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார். தேனில் குழைப்பது பட்டியலில் இருந்தது, ஆனால் ஏன் என்று எழுதவில்லை. ஏன் என்று தெரியாவிட்டால் அவசரத்தில் அந்த வேலையைத்தான் முதலில் விடுவார்கள். அன்றிரவே உட்கார்ந்து எல்லா வரிக்கும் காரணத்தைச் சேர்த்தோம்.

11. போன இடத்தில்

வீட்டோடு பேச ஒரு நேரம் வையுங்கள். நாங்கள் இரவு எட்டு மணி. அவசரம் என்றால் மட்டும் மற்ற நேரத்தில் கூப்பிடலாம், எது அவசரம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்: விழுவது, காய்ச்சல், மூச்சுத்திணறல். ரசப்பொடி டப்பா எங்கே என்பது அவசரம் இல்லை. நேரம் வைக்காமல் போனவர்கள் அருவிக்கரையில் நின்றுகொண்டு வீட்டை நடத்தினார்கள்.

முதல் நாள் எங்கும் போகாதீர்கள். பிறகு காலையில் ஓர் இடம், மதியம் தூக்கம், சாயங்காலம் நடை. குற்றாலத்தில் வெள்ளம் அதிகமானால் குளிக்கத் தடை போடுவார்கள். அன்று சாரலில் நனைந்தபடி கடைத்தெருவில் நடந்துவிட்டு, சுடச்சுட பஜ்ஜி வாங்கிக்கொண்டு அறைக்கு வாருங்கள். தடையை மீறி ஒருபோதும் இறங்காதீர்கள்.

மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்கு என் மனைவி ஜன்னல் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, பொதிகை மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தாள். டம்ளர் ஆறிப்போகும்வரை பேசவில்லை. "இந்த நேரத்துக்கு நான் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆச்சு" என்றாள் கடைசியில். வீட்டில் ஏழரை மணி என்றால் டிபன் பாக்ஸ் மூடும் நேரம்.

12. திரும்பிய வாரத்தில்

உடனே எல்லாச் சார்ஜையும் திரும்ப வாங்காதீர்கள். உங்கள் தாளோடு உட்கார்ந்து, பார்த்துக்கொண்டவர்களிடம் எது சரியாக நடந்தது, எது தடுமாறியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாமலே நன்றாக ஓடிய வேலைகளில் ஒன்றிரண்டை அவர்களிடமே விட்டுவிடலாம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் பேத்தி இப்போது சம்பந்தி வீட்டில்தான். சங்கத்தின் பால் பூத் கணக்கும் இன்னொருவர் கைக்குப் போய்விட்டது.

பார்த்துக்கொண்டவர்களுக்கு ஏதாவது வாங்கி வாருங்கள், நேரில் போய்க் கொடுங்கள். அடுத்த முறை கேட்கும்போது அந்த வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

வாரம் முடிவதற்குள் காலண்டரை மறுபடி தரையில் விரித்து அடுத்த பச்சைக் கட்டத்தைப் போடுங்கள். இந்த வருஷம் எங்களுக்கு அது பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம், ஞாயிறு முதல் சனி வரை. ஊர் எது என்று இன்னும் முடிவாகவில்லை. மகளிடம் தேதியைச் சொல்லிவிட்டோம்.